ரத்த அழுத்தம் 180ஐத் தாண்டினால் என்ன செய்வது? பினாங்கு குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. நம் வீடுகளில் அலமாரியில் மாத்திரை இருக்கிறது, மேசையில் மெஷினும் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் ராத்திரி அந்தத் திரையில் 190 என்றோ 200 என்றோ வந்து நின்றால் அடுத்து என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை. ஒரு வீட்டில் பயந்து மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு வீட்டில் "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தில் முடியலாம். ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை பக்கம் கோயில் மண்டபங்களிலும் தாமான் முகாம்களிலும் பிரஷர் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் 999ஐ அழையுங்கள்.

எந்த அளவு வந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும்?

(இங்கே 180, 200 என்று ஒரே எண்ணாகச் சொல்வதெல்லாம் மேல் எண்ணைத்தான்.) கிளினிக்கில் பார்க்கும்போது 140/90, வீட்டில் பார்க்கும்போது 135/85. தொடர்ந்து இதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 180/110ஐத் தாண்டினால் அது கடுமையான நிலை. அமெரிக்க வழிகாட்டிகளில் 180/120 என்று பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்துக் குழம்ப வேண்டாம்.

எண்ணை விட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. இந்த அழுத்தத்தால் மூளை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கண், பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) இவற்றில் ஏதாவது இப்போதே அடிபட்டுக்கொண்டிருக்கிறதா? ஆம் என்றால் அது உயிர் போகும் அவசரம், நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். இல்லை என்றால், எண் 200ஆகவே இருந்தாலும், அதைச் சில நாட்களில் நிதானமாகக் கீழே கொண்டுவர வேண்டும். 185இல் இருக்கும் ஒருவர் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும். 205இல் இருக்கும் இன்னொருவர் மாத்திரையை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்படியானால் எந்த அறிகுறி வந்தால் 999ஐ அழைக்க வேண்டும்?

முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, ஒரு கையையோ காலையோ தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாமல் போவது: இவை பக்கவாதத்தின் அடையாளங்கள். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது. நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போவது போன்ற திடீர் வலி. பெருந்தமனியின் சுவர் கிழியும்போது வருவது இது, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுவது, நுரையோடு இருமுவது. திடீரெனப் பார்வை மங்குவது. இதுவரை வந்திராத கடுமையான தலைவலியோடு வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு. சிறுநீர் மிகக் குறைந்துபோவது அல்லது ரத்த நிறத்தில் போவது.

அழைக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன அறிகுறி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, மெஷின் காட்டிய எண் என்ன. ஆரம்பித்த நேரம் மிக முக்கியம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்று உறுதியானால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். நேரம் யாருக்கும் தெரியாவிட்டால், அவர் கடைசியாக நல்லபடியாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். நோயாளி தானே கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பினாங்குப் பாலத்தில் நடுவழியில் மயங்கினால் அவரோடு மற்ற உயிர்களும் போகும்.

பக்கவாத அறிகுறி இருக்கும்போது செய்யக் கூடாதவை சில உண்டு. தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். பிரஷர் மாத்திரையும் கொடுக்காதீர்கள். விரல் நுனியிலும் காதிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் தகவல் பொய். குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் செத்துக்கொண்டிருப்பது மூளை.

அப்பாவுக்கு 190/112 காட்டுகிறது. ஆனால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார், டிவி பார்க்கிறார். என்ன செய்வது?

முதலில் டிவியை நிறுத்தி அவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் பேச்சு வேண்டாம். மறுபடி பாருங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். பல பேருக்கு இந்த ஓய்விலேயே எண் கணிசமாக இறங்கும்.

அப்படியும் 180/110க்கு மேலேயே நின்றால், மேலே சொன்ன அறிகுறிகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேளுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்று பொதுவாகக் கேட்டால் நம் அப்பாக்கள் "இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். "நெஞ்சு வலிக்குதா? கண்ணு மங்கலா இருக்கா? ரெண்டு கையையும் தூக்குங்க பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால், இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வழக்கமான அளவை, ஒரு தடவை மட்டும் கொடுங்கள். சாப்பிட்டிருந்தால் கூடுதலாக எதுவும் வேண்டாம். அம்மாவின் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை எதுவும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியாகிவிட்டால் விடிந்ததும் முதல் வேலையாகப் போங்கள். எண் 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, வீட்டில் அவரைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டாலோ அன்றிரவே மருத்துவமனைக்குப் போவதுதான் நல்லது.

கிளினிக்கில் ஊசி கூடப் போடவில்லை. மாத்திரையைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அலட்சியமா?

இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. 190ஐப் பார்த்த பிறகு 140ஐப் பார்க்காமல் வீட்டுக்கு வர மனம் ஒப்பாது. ஆனால் உறுப்புகளில் பாதிப்பு இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு அனுப்பியிருந்தால், அவர்கள் செய்தது சரியான வைத்தியம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழுத்தம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். அப்படித்தான் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு ஒரே சீராக இருக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் 180இல் வாழ்ந்தவரின் குழாய்கள் அந்த உயர்ந்த அழுத்தத்துக்கே பழகித் தடித்திருக்கும். அவருக்கு ஒரு மணி நேரத்தில் 120க்கு இறக்கினால், குழாய்களால் அந்த வேகத்துக்கு விரிந்துகொடுக்க முடியாது. மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். பக்கவாதம் வராமல் தடுக்கப் போய் பக்கவாதத்தை வரவழைத்த கதையாகிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இதே சிக்கல்தான்.

இது ஏட்டில் மட்டும் உள்ள பயம் இல்லை. ஒரு காலத்தில் உயர் அழுத்தத்தோடு வருபவர்களுக்கு வேகமாக வேலை செய்யும் நிஃபெடிபைன் மருந்தை நாக்குக்கு அடியில் விடுவது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. எண் சட்டென்று இறங்கும், எல்லாருக்கும் திருப்தி. அப்புறம் மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்களின் கதைகள் சேரச் சேர, 1990களில் மருத்துவ உலகம் அந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அதனால்தான் இன்று, பாதிப்பு இல்லாதவர்களுக்கு மாத்திரை மூலம் முதல் ஒரு நாளில் கால் பங்கு அளவுக்கு மட்டும், அதுவும் ஏறக்குறைய 160/100க்குக் கீழே போகாமல் இறக்கச் சொல்கிறார்கள். மீதி அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் இறங்கும். அம்லோடிபின் மாதிரியான மாத்திரை முழு வேலையைக் காட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். மூன்றாம் நாள் 165 இருக்கிறதே என்று மாத்திரையைத் திட்ட வேண்டாம். ஆனால் அந்த "இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்பதை விட்டுவிடாதீர்கள். வைத்தியத்தில் பாதி அந்த மறு வருகைதான்.

உண்மையிலேயே அவசரம் என்றால் மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

இரண்டு கையிலும் அழுத்தம் பார்ப்பார்கள். இ.சி.ஜி., ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, கண்ணின் பின்பக்கம், தேவைப்பட்டால் தலைக்கு சி.டி. ஸ்கேன். உறுப்பு பாதிக்கப்பட்டிருந்தால் லேபெட்டலால், நிகார்டிபின், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருப்பார்கள். பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்கமாட்டார்கள்; அடுத்த சில மணி நேரத்தில் 160/100 பக்கம்; மீதி ஓரிரு நாளில். பெருந்தமனி கிழிந்திருந்தால் மட்டும் சட்டென்று 120க்குக் கீழே கொண்டுவருவார்கள். மூளையில் அடைப்பு என்றால் நேர்மாறாக, கட்டி கரைக்கும் மருந்து கொடுக்காதபோது, உயர்ந்த அழுத்தத்தை முதல் நாள் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. "200 இருக்கு, இன்னும் இறக்கலையே" என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கோபப்படுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

திடீரென்று ஏன் இவ்வளவு ஏறுகிறது?

முதல் காரணம், வேறு எல்லாவற்றையும் விட முதல் காரணம், மாத்திரையை நிறுத்தியது. "இப்போ நார்மலா இருக்கே" என்று நிறுத்தியிருப்பார்கள். நார்மலாக இருந்ததே அந்த மாத்திரையால்தான். ஊருக்குப் போகும்போது மறந்திருப்பார்கள். கிளினிக் தேதி தவறிப்போய், திட்டுவார்கள் என்று பயந்து போகாமலே இருந்திருப்பார்கள். தேதி தவறினாலும் போங்கள். மாத்திரை இல்லாமல் வீட்டில் இருப்பதை விட நாலு வார்த்தை கேட்டுக்கொள்வது மேல். அட்டெனலால், பிசோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் அழுத்தமும் எதிர்த்து எகிறும். குளோனிடின் இன்னும் மோசம்.

அடுத்தது, நாம் மருந்து என்றே நினைக்காத மருந்துகள். முட்டிவலிக்குத் தினமும் போடும் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மாத்திரைகளும் அப்படித்தான். வலி உடனே பறந்துவிடும் என்று விற்கப்படும் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து, பெயரில்லாத கேப்சூல்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நம் வீட்டு இருமல் மருந்தான அதிமதுரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொண்டைக்கு ஒருநாள் இரண்டுநாள் சரி. வாரக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் உடலில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும்.

மது, குறிப்பாகத் தினசரி சம்சு. "ஐஸ்" எனப்படும் போதைப்பொருள். இளைஞர்களை 200க்கு மேலான எண்ணோடு அவசரப் பிரிவில் சேர்க்கக்கூடியது. நாள்பட்ட சிறுநீரக நோய். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறும் தூக்க நோய். இவை எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டு மெஷினை நம்பலாமா?

மேற்கையில் கட்டும் மெஷினை நம்பலாம். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு சரியாக வராது. வாங்கும்போது கைப்பட்டையின் அளவைப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அளப்பதற்கு அரை மணி முன்பு காப்பி, தே தாரேக், சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல், கை இதயத்தின் உயரத்தில் மேசையில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. பேசினாலே பத்துப் புள்ளி வரை ஏறும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன், ஒரு வாரம் காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளந்து எழுதி எடுத்துப்போங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை அவர் பார்ப்பார். கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் நார்மலாக இருப்பவர்களும் உண்டு, அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. இந்த ஒரு வாரத் தாள் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்காதீர்கள். பயம் எண்ணை ஏற்றும், ஏறிய எண் பயத்தை ஏற்றும்.

தலைவலி இல்லை என்றால் பிரஷர் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அளந்தால்தான் தெரியும்.

பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

நம்மிடையே அதிகம் பேரை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்த தவறான நம்பிக்கை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களின் முதல் இரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும்தான். சிறுநீரகம் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களால் ஆனது. இடைவிடாத அழுத்தம் அவற்றைத் தழும்பாக்கிவிடும். பெரிண்டோபிரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் அந்தக் குழாய்களைக் காப்பாற்றக் கொடுக்கப்படுபவை, முக்கியமாக நீரிழிவால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாத்திரை ஆரம்பித்த வருடத்திலேயே ஒருவருக்குக் கிட்னி போயிருக்கும். பார்ப்பவர்கள் மாத்திரையைக் காரணம் சொல்வார்கள். அதற்கு முந்தைய பத்து வருடம் அவர் எந்த மருந்தும் இல்லாமல் 170இல் நடமாடியது யார் கணக்கிலும் வராது. இன்னொன்றும் உண்டு: பெரிண்டோபிரில் ஆரம்பித்ததும் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஏறக்குறைய 30 சதவீதம் வரை மருத்துவர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் மாற்றுவார்கள். அதைக் கவனிக்கத்தான் சில வாரத்தில் ரத்தம் எடுக்க வரச் சொல்கிறார்கள்.

மேல் எண் வெறும் 10 குறைந்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது. வேறு எந்தக் கஷாயத்துக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். பெரிண்டோபிரில் வறட்டு இருமலைத் தரலாம். அதற்குப் பதில் லோசார்டன் வகை இருக்கிறது. உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கலாம். பிராசோசின் ஆரம்பிக்கும்போது எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

சாப்பாட்டில் எதை முதலில் குறைக்க வேண்டும்?

உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2017, 2018இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாகத் தெரிந்தது. "நான் சாப்பாட்டுல உப்பே போட்டுக்கிறதில்லை" என்று பலர் சொல்கிறார்கள். உப்பு டப்பாவிலிருந்து வருவதை விடக் கடையிலிருந்து வருவது நமக்கு அதிகம். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் (சோயா சாஸில்) 2 கிராமுக்கு மேல் உப்பு. ஒரு பாக்கெட் மேகி மீயில் ஒரு நாள் அளவில் பாதி போய்விடும். பெலாச்சான், கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், டின் மத்தி எல்லாம் இதே கூட்டம்தான்.

பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை விட்டுவிடு என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடுங்கள். சோறு மூழ்கக் குழம்பு ஊற்றும் "பஞ்சிர்" கேட்காமல் குழம்பைக் கொஞ்சமாக ஓரத்தில் ஊற்றச் சொல்லுங்கள், உப்பு அந்தக் குழம்பில்தான் இருக்கிறது. மீ சூப்பில் மீயைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை விட்டுவிடுங்கள். ரொட்டி சானாய்க்கு இரண்டாம் கிண்ணம் குழம்பு வேண்டாம். வீட்டில் சாம்பாரிலும் கறியிலும் போடும் உப்பை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம் இருக்கும் சமையலில் இது கஷ்டமில்லை.

கீரை, காய், வாழைப்பழம் நல்லது. ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் பொட்டாசியத்தை அளந்துதான் சாப்பிட வேண்டும். "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும்; பெரிண்டோபிரில், லோசார்டன் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

பூண்டு, முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ?

சமையலில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். 180க்கு மேல் இருக்கும்போது இவற்றை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், 150/95 இருக்கிறது. என் அக்காவுக்கும் இப்படி இருந்து சரியாகிவிட்டதாம். பயப்பட வேண்டுமா?

கர்ப்பத்தில் கணக்கே வேறு. 140/90 வந்தாலே அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள். 160/110 வந்தால், உடம்பு நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், நேராக மருத்துவமனைதான். இருபது வாரத்துக்குப் பிறகு வரும் பிரீஎக்லாம்ப்சியா என்ற நிலை வலிப்பில் முடியலாம், தாயையும் பிள்ளையையும் பறிக்கலாம். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் போதும், கிளம்பிவிடுங்கள். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெரிண்டோபிரில், லோசார்டன் வகை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஏற்கெனவே அவற்றைச் சாப்பிடும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொன்னால் மெத்தில்டோபா, லேபெட்டலால், நிஃபெடிபைன் என்று மாற்றித் தருவார்கள். முந்தைய கர்ப்பத்தில் பிரீஎக்லாம்ப்சியா வந்திருந்தால், முதல் மூன்று மாதம் முடியும் தறுவாயிலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள். அது மறுபடி வருவதைக் குறைக்கும்.

அக்காவுக்குச் சரியானது நல்லது, ஆனால் அதை வைத்து உங்கள் உடம்பைக் கணிக்க முடியாது. வீட்டுப் பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: பிரசவத்தோடு இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை, ஆறு வாரம் வரை இருக்கிறது. பத்தியத்தில் இருக்கும் பெண் "தலை வெடிக்குது" என்றால் குளிர் ஏறிவிட்டது என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். முதலில் பிரஷர் பாருங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலை ஏறலாமா?

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் ஏறலாம். 513 படி, அதுவும் வெயிலில், பால்குடமோ காவடியோ எடுத்துக்கொண்டு. பத்து மலையின் 272 படியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள், தாவரவியல் பூங்காவில் தினமும் நடந்து பழகுங்கள். விரத நாளிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், உடலில் நீர் வற்றினால் மயக்கம் வரும். விரதச் சாப்பாட்டில் பாக்கெட்டில் வரும் சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சியில் உப்பு மிக அதிகம், காய்கறியே போதும்.

அன்று காலை 180/110க்கு மேல் இருந்தால் ஏற வேண்டாம். நேர்த்திக்கடன் என்று மனம் அடித்துக்கொள்ளும், தெரியும். அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்றுதான் நான் நம்புகிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எப்போது மாத்திரை போடுவது?

கடிகாரத்தை விட உங்கள் தூக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: எழுந்து பல் துலக்கியதும் என்று வைத்தால் எந்த ஷிப்டிலும் மறக்காது. ஷிப்ட் மாறும் நாளில் சில மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது.

என் மகனுக்கு 28 வயது, 185 இருக்கிறது. இந்த வயசிலா?

இந்த வயதில் இவ்வளவு ஏறினால் மாத்திரை மட்டும் போதாது, காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருப்பது, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று பல இருக்கின்றன. சில முற்றிலும் குணமாகக்கூடியவை. மூன்று மாத்திரை சாப்பிட்டும் இறங்காத பெரியவர்களுக்கும் இதே தேடல் வேண்டும்.

செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), மாத்திரையும் அதில் அடக்கம். மாதாமாதம் வாங்க வேண்டிய மருந்தை வேறு ஊரில் இருக்கும் அரசாங்க மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. கோலாலம்பூரில் மகள் வீட்டில் தங்கப் போகிறவர்கள் மருந்தகக் கவுண்டரில் முன்கூட்டியே சொன்னால் எழுதித் தருவார்கள். நாற்பது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்த பி40 குடும்பத்தினருக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது, பல தனியார் கிளினிக்குகளிலும்.

அப்பா மாத்திரை சாப்பிடவே மாட்டேன் என்கிறார். என்ன சொன்னாலும் கேட்பதில்லை.

சண்டை போட்டால் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டுத் தொட்டியில் போடுவார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அடிக்கடி சிறுநீர் வருகிறதா, தலை சுற்றுகிறதா, ஆண்மைக் குறைவு ஏற்பட்டு வெளியே சொல்ல வெட்கப்படுகிறாரா? எல்லாவற்றுக்கும் மருந்தை மாற்ற வழி உண்டு. கடைசிக் காரணம் என்றால் அவர் மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். ஆறு மாத்திரை அவருக்கு மலைப்பாக இருந்தால், இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். ஏழு நாளுக்குமான மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நீங்களே அடுக்கி வையுங்கள், சனிக்கிழமை ராத்திரி அதில் என்ன மிச்சம் என்று பாருங்கள். பேரப்பிள்ளை தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் மறுக்காத தாத்தாக்கள் நிறைய பேர். அதையும் முயன்று பாருங்கள்.